பிறந்த வீட்டைத் தேடி: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விடயத்தைத் தொடுகின்றன: 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் தாய் தகப்பனைக் கண்டுபிடிப்பது எப்படி? பிள்ளைகள் அங்கே குடும்பமான பிறகு சம்பந்தி வீட்டு வம்சாவளியும் நம் வீட்டு விடயமாகிவிடுகிறது. ஐந்துக்கும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் ஒஹாயோவில் இருக்கிறாள், மருமகன் அமெரிக்கர். பேத்திக்குத் தகப்பன் வழிக் குடும்ப மரம் எழுத ஆசை. ஆறு தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டியோடு நின்றுவிட்டோம். 1850 குடிசன மதிப்பில், ஒஹாயோவில், ‘மேரி, வயது 28, பிறந்த இடம் வெர்மொன்ட்’ என்று கணவரோடும் நான்கு பிள்ளைகளோடும் இருக்கிறார். மூத்த பிள்ளைக்கு வயது 12. அதே வீட்டில் வேறு குடும்பப் பெயருடைய 61 வயது மூதாட்டி ஒருவரும் இருக்கிறார். ஆனால் கல்லறைக் கல்லில் பெயர் ‘பொல்லி’. இறந்தது 1853 நவம்பர் 20. வயது 31 ஆண்டு, 7 மாதம், 12 நாள். மேரியும் பொல்லியும் ஒருவரா? அவருடைய பிறந்த வீடு எது?
– வாசகி, உப்புவெளி

பதில்: ஒருவர்தான் என்று கொள்ள நல்ல ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. மேரி என்ற பெயருள்ள பெண்களை அக்காலத்தில் பொல்லி என்று அழைப்பது சர்வசாதாரணம். சாரா ‘சலி’ ஆவார், மார்த்தா ‘பற்றி’ ஆவார், மாகரட் ‘பெகி’ ஆவார், ஆன் ‘நான்சி’ ஆவார். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடவேண்டும்.

இனி, கல்லில் உள்ள வயதைக் கழித்துப் பாருங்கள். நாளிலிருந்து நாள்: 20 இல் 12 போக 8. மாதத்திலிருந்து மாதம்: 11 இல் 7 போக 4. ஆண்டிலிருந்து ஆண்டு: 1853 இல் 31 போக 1822. ஆகவே பிறந்தது 1822 ஏப்ரல் 8. கணக்கிட்ட முறையைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். 1850 குடிசன மதிப்பு யூன் 1 ஆம் திகதி நிலவரத்தைக் கேட்டது. அன்று இந்தப் பெண்ணுக்கு 28 வயது. பொருந்துகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வெர்மொன்டில் 1822 இல் பிறந்த மேரிகளைத் தேடப் புறப்பட்டால் கரை காணமாட்டீர்கள். மணமான பெண்ணுக்கு அக்காலச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலையே பெரும்பாலும் இல்லை. காணி, கடன், வழக்கு எல்லாம் கணவர் பெயரில் நடந்தன. மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் மிசிசிப்பியில் 1839 இலும் நியூயோர்க்கில் 1848 இலும் வந்தன; மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. எனவே அவருடைய பெயர் எழுதப்பட்ட காகிதம் குறைவு. அவரைச் சுற்றியிருந்த பிள்ளைகள், சகோதரர்கள், தகப்பன், அயலவர் எழுதிவைத்த காகிதங்களில்தான் அவர் கிடைப்பார்.

முதலில் பிள்ளைகளின் மரண அத்தாட்சிப் பத்திரங்களைப் பாருங்கள். ஒஹாயோவில் மாநில அளவிலான மரணப் பதிவு 1908 டிசம்பர் 20 இல் தொடங்கியது. அந்தப் பத்திரத்தில் இறந்தவரின் தாயுடைய கன்னிப் பெயருக்கு ஓர் இடம் உண்டு. 1846 இல் பிறந்த பிள்ளை 1915 இல் இறந்திருந்தால் நீங்கள் தேடும் குடும்பப் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1908 முதல் 1953 வரையான ஒஹாயோ மரணப் பதிவுகள் ஃபமிலிசேர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி இணையத்தளத்தில் இலவசம். கணக்கு ஒன்று திறந்தால் போதும். உங்கள் மருமகன் வழிப் பிள்ளையை மட்டும் பார்க்காமல் நான்கு பிள்ளைகளையும் பாருங்கள். விபரம் சொன்னவர் யார் என்பதும் பத்திரத்தில் இருக்கும். மகள் சொன்னதற்கும், அந்தப் பாட்டியைக் கண்ணாலும் காணாத மருமகன் சொன்னதற்கும் ஒரே மதிப்புக் கொடுக்க முடியாது.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. மூத்த பிள்ளை 1838 அளவில் பிறந்தது, அப்போது மேரிக்கு 16 வயது. நடக்காத விடயம் அல்ல, ஆனால் சந்தேகப்பட வேண்டும். 1850 குடிசன மதிப்பு வீட்டுத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி 1880 இல்தான் வந்தது. மூத்தது கணவரின் முதல் தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பிள்ளையின் பத்திரத்தில் வேறொரு தாயின் பெயர் இருக்கும். அதைப் பிழை என்று தள்ளாதீர்கள். இரண்டாவது பொறி, 1853 இல் சிறுபிள்ளைகளோடு தனித்துவிட்ட தகப்பன் அநேகமாக மறுமணம் செய்திருப்பார். சிற்றன்னை வளர்த்த பிள்ளை இறக்கும்போது சிற்றன்னையின் பெயரையே தாய் என்று சொல்லிவிடுவார்கள். இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில் இப்படி இரண்டு மனைவியர் ஒருவராக ஒட்டிப்போனது ஏராளம். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் பிரதி எடுத்தால் அது நூறு சாட்சி ஆகாது.

அடுத்து அந்த 61 வயது மூதாட்டி. உங்கள் கடிதத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மகள் வீட்டில் வந்திருக்கும் விதவைத் தாய்க்கு மகளின் குடும்பப் பெயர் இருக்காது. பிள்ளைகளின் பத்திரங்களில் கிடைக்கும் கன்னிப் பெயரும் இவருடைய குடும்பப் பெயரும் ஒன்றானால் பாதி வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால், இவர் கணவரின் தாயாகவோ, மறுமணம் செய்த தாயாகவோ, பெரியம்மா முறையானவராகவோ இருக்கலாம். அதே குடிசன மதிப்பில் முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளைப் புரட்டி, வெர்மொன்டில் பிறந்தவர்களைக் குறித்துவையுங்கள். வெர்மொன்டிலிருந்து மேற்கே போனவர்கள் பெரும்பாலும் உறவும் அயலுமாகச் சேர்ந்தே போனார்கள். சகோதரர் ஒருவர் இரண்டு வீடு தள்ளி இருப்பது வழமை.

விவாகப் பதிவு ஒஹாயோவில் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) மட்டத்தில் இருக்கும். 1852 வரையானவை பொது வழக்கு நீதிமன்ற எழுத்தரிடமும் பின்னையவை புரொபேட் (மரணசாதன) நீதிமன்றத்திலும் பதியப்பட்டன. பெற்றோர் பெயரை அதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மணமகளுக்கு 18 வயது நிரம்பாவிட்டால் தகப்பனின் சம்மதம் வேண்டும், அது பதியப்பட்டிருக்கும். மணமகள் பெயருக்கு முன் ‘திருமதி’ என்று எழுதப்பட்டிருந்தால் அவர் முன்பே மணமாகி விதவையானவராக இருக்கலாம். அப்போது அங்குள்ள குடும்பப் பெயர் முதல் கணவருடையது, பிறந்த வீட்டினுடையது அல்ல.

எங்கள் அனுபவத்தில் அதிகம் பேசுவது தகப்பனின் சொத்துக் காகிதங்கள்தான். நம்மூரில் மரணசாதன வழக்கு என்போமே, அங்கே அதைப் புரொபேட் என்பார்கள். மரணசாதனம் எழுதாமல் இறந்தவருக்கும் சொத்துப் பிரிப்புக் காகிதம் உண்டு. ‘என் மகள் மேரி, இன்னாரின் மனைவி’ என்ற ஒரு வரி அதில் இருந்தால் பத்து ஊகங்களை விட மேல். மேரி 1853 இல் இறந்த பின் அவருடைய தகப்பன் இறந்திருந்தால், மேரியின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். பராயமடையாத பிள்ளைகளின் சொத்துக்குப் பாதுகாவலர் நியமிக்கப்படுவார், சில இடங்களில் உயிரோடிருக்கும் தகப்பனே அப்படி நியமிக்கப்படுவார். அந்தப் பாதுகாவலர் நியமனக் காகிதக் கட்டில் பிள்ளைகளின் பெயர், வயது, ‘இன்னாரின் பேரப்பிள்ளைகள்’ என்ற விபரம் எல்லாம் சேர்ந்து வரும். பலர் இந்தக் கட்டைத் திறப்பதே இல்லை. அது பெரிய இழப்பு.

காணி உறுதிகளையும் விடாதீர்கள். தகப்பன் காணியைப் பிள்ளைகள் சேர்ந்து விற்கும்போது சகோதரிகள் எல்லோரும் தத்தம் கணவரோடு கையெழுத்திடுவார்கள். உறுதிகளின் பெயர்ச் சுட்டியில் முதலில் எழுதப்பட்ட சகோதரர் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், மேரியைத் தேடினால் கிடைக்காது. சந்தேகத்துக்குரிய சகோதரர்களின் பெயரில் தேடவேண்டும். வெர்மொன்ட், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் ஆகிய மூன்றிலும் காணி உறுதிகள் கவுண்டியில் இல்லை, நகர எழுத்தரிடம் இருக்கின்றன. கவுண்டி அலுவலகத்துக்கு எழுதிப் ‘பதிவு இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு மனம் சோர்பவர்கள் இதனாலேயே சோர்கிறார்கள். ஃபமிலிசேர்ச் தளத்தில் இப்போது கையெழுத்துப் பக்கங்களின் முழு வாசகத்திலும் தேடும் வசதி வந்திருக்கிறது. சுட்டியில் இல்லாத பெயரும் உறுதியின் உடலில் இருந்தால் அகப்படும்.

ஓர் ஆள் அகப்பட்டதும் பழைய குடிசன மதிப்பில் வைத்துச் சோதியுங்கள். 1790 முதல் 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். 1822 ஏப்ரலில் பிறந்த பெண் 1830 இல் ஐந்து முதல் பத்து வரையான கட்டத்தில் இருக்கவேண்டும். அந்த வீட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் நின்று யோசியுங்கள். ஒரே ஊரில் அதே பெயரில் இன்னொரு மேரி பிறந்திருக்கிறாரா என்றும் பார்த்து, அவர் எங்கே மணமானார் அல்லது எப்போது இறந்தார் என்று காட்டி நீக்கவேண்டும். இந்த நீக்கல் வேலையைச் செய்யாத எந்த மரத்தையும் நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

கேள்வி: எங்கள் பூட்டியின் தாய் பெயர் ஹரியட். யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகித் திருகோணமலைக்கு வந்தவர். ‘அமெரிக்கன் அம்மாவின் வழி’ என்று வீட்டில் சொல்வார்கள். நாங்கள் அமெரிக்க வம்சமா?
– வாசகர், உவர்மலை

பதில்: பெயரை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. அமெரிக்க மிஷன் 1816 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இயங்கியது. அதன் விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கத் தருமிகள், தாங்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு இடச் சொல்லலாம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்ற அறிஞர்களின் பெயர்களைப் பாருங்கள். முன்பாதி அமெரிக்கா, ஆள் முழுக்க யாழ்ப்பாணம். உடுவிலில் படித்த பெண்பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. அந்தப் பாடசாலையை 1824 இல் தொடங்கியவர் ஹரியட் வின்சிலோ. அவருடைய பெயரை மாணவிகள் தாங்கியிருந்தால் வியப்பில்லை.

ஆகவே இங்கேயுள்ள காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். பூட்டியின் பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிகளைக் கச்சேரியில் எடுங்கள். சீதன உறுதி இருந்தால் அதுதான் பொன். தாய், தகப்பன், மகள், மருமகன் நால்வரும் பெயரோடு நிற்பார்கள். அதன் முன்னுறுதிகளைப் பின்தொடர்ந்து காணிப் பதிவகத்தில் தேடினால் இன்னொரு தலைமுறை கிடைக்கும். பிறகு அவர் பிறந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் தகப்பன் பெயர் தமிழ்ப் பெயராக இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று: திருகோணமலையும் மட்டக்களப்பும் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனின் களம், அது பிரித்தானியாவிலிருந்து வந்தது. இங்கே வாழ்ந்த ‘வெள்ளைக்கார அம்மா’ என்று கதை சொன்னால் முதலில் ஆங்கிலேயப் பதிவுகளைத்தான் பார்க்கவேண்டும். அமெரிக்கர் என்றால் யாழ்ப்பாண வழியாகவே தேடவேண்டும்.

மிஷனில் பணிசெய்த பெண்ணேதான் என்று காகிதம் காட்டினால், அமெரிக்கப் பக்கம் எளிது. ஹரியட் வின்சிலோவையே எடுத்துக்கொள்வோம். 1796 இல் கனெக்டிகட் மாநிலத்தின் நோர்விச்சில் பிறந்தவர். கன்னிப் பெயர் லாத்ரொப். பெற்றோர் சார்ல்ஸ், ஜோஆனா. 1819 ஜனவரியில் மைரன் வின்சிலோவை மணந்து அதே ஆண்டு கப்பலேறினார், 1833 இல் உடுவிலில் இறந்தார். மணமாகிச் சில மாதங்களில் புறப்படுவது மிஷன் தம்பதிகளிடம் வழக்கம் என்பதால், விவாகப் பதிவு பெண்ணின் ஊரில், புறப்பாட்டுக்குச் சற்று முந்திய திகதியில் இருக்கும். நோர்விச் நகரின் 1659 முதல் 1848 வரையான பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள் அச்சாகியிருக்கின்றன. லாத்ரொப் குடும்பம் 1634 இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஜோன் லோத்ரொப் போதகரின் வழி. பெயரை லோத்ரொப், லாத்ரொப் என்று இரண்டு விதமாகவும், கடைசி எழுத்தை இரட்டித்தும் எழுதினார்கள். ஓர் எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுபவருக்குக் குடும்பம் பாதியில் மறைந்துவிடும். ஹரியட்டின் சகோதரிகளும் மிஷனரிமாரை மணந்து யாழ்ப்பாணம் வந்தவர்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் பதிவாகியிருக்கிறார்கள். அவருடைய மகளின் பேரன்தான் 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ்.

மிஷன் சபையின் கடிதங்களும் விண்ணப்பக் காகிதங்களும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. சபையின் மாத இதழான மிஷனரி ஹெரால்டின் பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மரணச் செய்திகளில் பிறந்த ஊரும் வரும். 1840 இல் உடுவிலுக்கு வந்து, 1883 இல் மானிப்பாயில் இறந்த எலைசா அக்னியூ மணமாகாதவர். அவருடைய வம்சம் என்று எந்தக் குடும்பம் சொன்னாலும், அது மாணவி வழி வந்த பாசம் என்றே கொள்ளவேண்டும்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்தால் ஒரே நாளில் தெரியாதா?
– வாசகி, நிலாவெளி

பதில்: தெரியாது. கொள்ளுப்பாட்டியின் தாயிடமிருந்து வருவது சராசரியாக 6.25 சதவீதம், அதற்கும் மேலே ஒரு தலைமுறை போனால் 3 சதவீதமளவு. அந்தப் பங்கும் ‘அமெரிக்கா’ என்று வராது. 19 ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்துப் பெண் பெரும்பாலும் ஆங்கிலேய வழியினர். சோதனை ‘இங்கிலாந்து’ என்றுதான் காட்டும், ஆங்கிலேயப் படைவீரர் ஒருவர் வழி வந்தாலும் அதையேதான் காட்டும். பயன் தருவது பொருத்தப் பட்டியல், அதாவது உங்கள் மரபணுவோடு பொருந்தும் மற்றவர்களின் பட்டியல். அதே பெண்ணின் சகோதரர் வழியில் வந்த மூன்றாம் நான்காம் முறை உறவினர் அதில் நின்றால், அவருடைய காகிதங்களோடு சேர்த்து வாசிக்கலாம். நான்காம் முறை உறவில் ஏறத்தாழப் பாதிப்பேர் பொருத்தமே காட்டமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் மிக மூத்தவரைச் சோதியுங்கள். ஒரு தலைமுறை இலாபம்.

கேள்வி: மகனின் மனைவி கறுப்பின அமெரிக்கர். அவருடைய முன்னோர்ப் பெண் 1870 குடிசன மதிப்பில் ஜோர்ஜியாவில் இருக்கிறார், அதற்கு முன் எங்கும் இல்லை. ஏன்?
– வாசகர், பாலையூற்று

பதில்: அடிமைப்படுத்தப்பட்டவர்களை 1850, 1860 மதிப்புகளில் தனி அட்டவணையில், உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதினார்கள். பெயர் எழுதவில்லை. எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் மதிப்பு 1870. அந்தச் சுவரை நேராக மோதாமல் பக்கவாட்டில் போகவேண்டும். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் 1865–1874 கணக்குப் பதிவேடுகளில் வாடிக்கையாளரின் தாய், தகப்பன், சகோதரர் பெயர்கள் இருக்கும், சிலவற்றில் பழைய உடைமையாளர் பெயரும். கணவர் உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படையணியில் இருந்திருந்தால் விதவை ஓய்வூதியக் கோப்பைக் கட்டாயம் எடுங்கள். விவாகப் பத்திரம் இல்லாததால், ஒன்றாக வாழ்ந்தவர்கள் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். பிறகு உடைமையாளரின் மரணச் சொத்துப் பட்டியல். பெண்களின் முதற்பெயர் விலையோடு எழுதப்பட்டிருக்கும். வாசிக்கக் கொடுமையானது, ஆனால் அந்தப் பெண் அந்த வீட்டில் இருந்ததற்குச் சாட்சி அதுவே. 1870 இல் உள்ள குடும்பப் பெயர் கடைசி உடைமையாளருடையது என்று மட்டும் முன்கூட்டி முடிவுகட்டாதீர்கள்.

ஜோர்ஜியாவில் மாநில அளவிலான பிறப்பு இறப்புப் பதிவு 1919 இல்தான் தொடங்கியது. 1890 குடிசன மதிப்பையும் தேடவேண்டாம். 1921 இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் சேதமாகி, பின் அழிக்கப்பட்டது. மிஞ்சியவை சில துண்டுகள்தான்.

கேள்வி: திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்தில் அமெரிக்கப் பெண்களின் கல்லறை இருக்குமா? அமெரிக்க நகர எழுத்தருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: அந்த மயானம் பிரித்தானியக் கடற்படையோடும் ஆட்சியோடும் சேர்ந்தது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் சகோதரர், 1852 இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்ரினின் கல்லறையும் அங்கேதான். கல் தேய்ந்திருந்தால் கம்பியாலும் அமிலத்தாலும் தேய்க்கவே கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்வான வெயிலில் படம் எடுங்கள், எழுத்து நிழலில் எழும்பும். 1913 இல் பென்றி லூயிஸ் தொகுத்த இலங்கைக் கல்லறை வாசகங்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இன்று வாசிக்க முடியாத கல் அன்று வாசிக்கக்கூடியதாக இருந்திருக்கும்.

கடிதத்தில் ஒரு பதிவை மட்டும் கேளுங்கள். பெயர், எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலும், கணவர் பெயர், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத கால எல்லை ஆகியன போதும். குடும்ப வரலாறு முழுவதையும் எழுதினால் படிக்க ஆளில்லாமல் கிடக்கும். கட்டணத்தை முன்கூட்டிக் கேளுங்கள். தட்டச்சு செய்த சுருக்கத்தை வாங்காமல் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையே கேளுங்கள். ஓரக் குறிப்புகள் சுருக்கத்தில் விடுபட்டுப்போகும். திகதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அவர்கள் மாதத்தை முதலில் போடுவார்கள்; 4/8 என்று நீங்கள் ஓகஸ்டை எழுதினால் அவர்கள் ஏப்ரலைத் தேடுவார்கள். அவர்களிடமிருந்து வரும் திகதிகளைப் படிக்கும்போதும் இதையே கவனியுங்கள்.